மேடம் வெளியே போகும் நாட்கள்

புதிதாக வேலைக்கு வந்திருக்கும் பிள்ளைகளே,

பயிற்சியின் கடைசி நாளில் வந்து அரை மணி நேரம் பேச முடியுமா என்று உங்கள் அலுவலகத்தில் கேட்டார்கள். நான் சொல்ல நினைக்கும் விஷயத்தைப் பேசினால் பாதியில் குரல் போய்விடும். அதனால் எழுதித் தருகிறேன். உங்களில் ஒருவர் சத்தமாகப் படியுங்கள். நான் பின்வரிசையில் உட்கார்ந்து கேட்டுக்கொள்கிறேன்.

இருபத்தாறு வருடம் கால்நடை மருத்துவராக இருந்தேன். கிள்ளானும் அதைச் சுற்றியுள்ள கம்பத்துக் கிராமங்களும் கேரி தீவுச் சாலையும்தான் என் எல்லை. தாது உப்புகளைப் பற்றிப் புதியவர்களுக்கு வகுப்பு எடுத்தவளும் நான்தான். செம்பு, துத்தநாகம், செலினியம் என்று பலகையில் எழுதுவேன். ஒரு மாட்டுக்கு நாளுக்குச் சிட்டிகைகூடத் தேவையில்லை, ஆனால் அந்தத் துளி இல்லாவிட்டால் நீங்கள் போடும் தடுப்பூசி பாதி வீண் என்பேன். ஊசி உடம்புக்கு எதிரியின் முகத்தைக் காட்டிக்கொடுக்கும், அவ்வளவுதான். அந்த எதிரியோடு மல்லுக்கு நிற்க வேண்டிய வெள்ளணுக்கள் செம்பும் செலினியமும் இல்லாமல் சோர்ந்து நிற்கும். இதை நன்றாகவே சொல்லுவேன். கைதட்டல்கூடக் கிடைக்கும். அப்படிப்பட்ட நான், கண்ணெதிரே நின்ற ஒரு பசுவிடம் அந்தத் துளி இல்லை என்பதைப் பல மாதம் பார்க்காமலே இருந்தேன்.

கேரி தீவுக்குப் போகும் சாலையில், எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தை ஒட்டி, சுப்ரா அண்ணனின் மாட்டுக் கொட்டகை இருக்கிறது. பதினான்கு மாடுகள். அவரும் அவர் மனைவி மல்லிகா அக்காவும்தான் கறப்பது, கழுவுவது, கிள்ளான் கடைகளுக்குப் பால் கொண்டுபோவது எல்லாம். அந்தப் பதினான்கில் ஒன்று காராம்பசு. காம்பு முதல் குளம்பு வரை கருப்பு. யார் தொட்டாலும் அசையாது, குழந்தை வாலைப் பிடித்து இழுத்தாலும் திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி அசைபோடும். அதன் பெயர் மேடம். முதலில் வேறு பெயர் இருந்திருக்க வேண்டும். லோரியில் ஏறி வீடு வீடாகப் போக ஆரம்பித்த பிறகு அது எல்லோருக்கும் மேடம் ஆகிவிட்டது.

வீடு வீடாக என்றால், புது வீடுகள். நம் ஊரில் புதுமனை புகுவிழாவுக்கு முதலில் நுழைவது பசுவும் கன்றும் என்பது உங்களுக்குத் தெரியும். கொட்டகை வைத்திருக்கிறவர்கள் குறைந்துபோனதால் ஷா ஆலாமோ, கிள்ளானோ, பிரிக்ஃபீல்ட்ஸோ, எங்கே வீடு குடிபோனாலும் சுப்ரா அண்ணனுக்குத்தான் போன் வரும். என் அலுவலக நண்பர் ஒருவர் பிரிக்ஃபீல்ட்ஸில் அடுக்குமாடிக் கொண்டோ வாங்கியபோது நானும் போயிருந்தேன். மாட்டை லிஃப்டில் ஏற்றக்கூடாது என்று நிர்வாகம் கடிதமே கொடுத்துவிட்டது. கார் நிறுத்தும் இடத்தில் கோலம் போட்டு, இரண்டு கார்களுக்கு நடுவே மேடத்தை நிறுத்திப் பூஜை செய்தார்கள். முதல் ஆளாக வந்து அதன் காலைத் தொட்டுக் கும்பிட்டவர் வாசலில் இருந்த நேபாளிக் காவலாளி. வாழைப்பழம், சர்க்கரைப் பொங்கல், வெல்லம் என்று ஆளாளுக்கு ஊட்டினார்கள். மேடம் எதையும் மறுக்கவில்லை.

அன்று அதன் கண்ணைச் சுற்றி ரோமம் கொஞ்சம் செம்பட்டையாகத் தெரிந்தது. மூக்குக்கண்ணாடி போட்டது மாதிரி இரண்டு வளையம். நெற்றி நிறைய மஞ்சளும் குங்குமமும் இருந்ததால், வியர்வையில் மஞ்சள் வழிந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். கருப்பு மாட்டுக்குக் கண்ணோரம் நிறம் வெளுத்தால் முதலில் செம்புச்சத்தைச் சந்தேகிக்க வேண்டும் என்று எத்தனை வகுப்பில் படம் போட்டுக் காட்டியிருப்பேன்! அன்று கையில் பாயாசக் கிண்ணத்தோடு நின்றேன், வெறும் விருந்தாளியாகப் பார்த்தேன்.

சில மாதம் கழித்து எங்கள் வட்டாரத்தில் தோல் கழலை நோய் பரவியது. ஈயும் கொசுவும் கடத்தும் வைரஸ். மாட்டுக்கு மேலெல்லாம் எலுமிச்சை அளவுக்குக் கட்டிகள் வரும், காய்ச்சல் அடிக்கும், கால் வீங்கும். சுப்ரா அண்ணன் கொட்டகையில் பதினான்குக்கும் ஒரே காலையில், ஒரே பெட்டியிலிருந்து எடுத்து, என் கையாலேயே தடுப்பூசி போட்டிருந்தேன். நோய் வந்தபோது பதின்மூன்று மாடுகள் தாக்குப்பிடித்தன. ஒன்றிரண்டுக்கு லேசாகக் கட்டி வந்து அடங்கியது. மேடம் மட்டும் படுத்துவிட்டது. கழுத்து, மடி, தொடை என்று இடைவெளி இல்லாமல் கட்டி. அதற்கு அப்போது இரண்டு மாதப் பெண் கன்று இருந்தது. அதுவும் அம்மாவைப் போலவே முழுக் கருப்பு. மேடத்தின் மகள் என்பதால் அதற்கு மிஸ் என்று பெயர். மிஸ்ஸுக்குக் கட்டி அதிகம் இல்லை, ஆனால் நெஞ்சில் சளி கட்டிக்கொண்டது. மூச்சு இழுத்தது. பால் குடிக்க மறுத்தது.

"ஊசி சரியில்லையா டாக்டர்?" என்றார் சுப்ரா அண்ணன்.

"பதிமூணு மாடு நல்லாத்தானே நிக்குது அண்ணே."

"அதத்தான் கேக்குறேன். என் மேடத்துக்கு மட்டும் பச்சத் தண்ணியப் போட்டுட்டீங்களா?"

"ஏங்க, வாய மூடுங்க லா," என்றார் மல்லிகா அக்கா. "அதுக்குக் கண்ணு பட்டிருக்கு டாக்டர். எத்தன வீடு, எத்தன பேரு. எல்லாம் செல்ஃபி வேற எடுக்குறானுங்க."

அந்த அக்காவுக்கு அதற்கு முன்னால் மேடத்தின் இரண்டு கன்றுகள் தங்கவில்லை. ஒன்று பிறந்த வாரத்திலேயே போனது, இன்னொன்று எழுந்து நிற்கவே இல்லை. அதனால் மிஸ் என்றால் உயிர். தன் பழைய பூப்போட்ட பாத்திக் கைலியை மடித்துக் கன்றுக்குக் கீழே போட்டு, பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். "இதாச்சும் எனக்கு நிக்குமா டாக்டர்?" என்று கேட்டபோது என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

நான் செய்ய வேண்டியதெல்லாம் செய்தேன். குளிர்ப்பெட்டியின் வெப்பநிலைப் பதிவைப் பார்த்தேன், மருந்தின் காலாவதித் தேதியைப் பார்த்தேன். தவறு இல்லை. பிறகு வழக்கமான கேள்விகள்.

"தாது உப்பு தினமும் கொடுக்கறீங்களா அண்ணே?"

"தினமும்தான். காலையில புண்ணாக்குல கலந்து கொடுக்குறோம். வேணும்னா மூட்டையப் பாருங்க, பாதி காலி."

மூட்டை பாதி காலியாகத்தான் இருந்தது. படிவத்தில் 'ஆம்' என்று குறித்துக்கொண்டேன். சளிக்கும் காய்ச்சலுக்கும் மருந்து கொடுத்துவிட்டு, மேடத்திடமும் மிஸ்ஸிடமும் இரத்தம் எடுத்து அனுப்பிவிட்டு வந்தேன். முடிவு வர ஒரு வாரம் ஆகும். கன்றுக்கு ஒரு வாரம் இருக்கிறதா என்பது தெரியாது. லோரியில் போன இடத்தில் ஈ கடித்திருக்கும், அலைச்சலில் சக்தி போயிருக்கும் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். அதில் கொஞ்சம் உண்மையும் இருந்தது. அதனாலேயே மேற்கொண்டு யோசிக்காமல் விட்டுவிட்டேன்.

மறுநாள் வியாழக்கிழமை. மதியம் இரண்டு மணி இருக்கும். தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தது.

"ஆன்டி, தாரிணி அம்மாவா? உங்க மக இங்க மயங்கி விழுந்துட்டாங்க. கிள்ளான் ஸ்டேஷன். இப்ப பேசுது, பயப்படாதீங்க."

தாரிணி என் ஒரே மகள். பதினாறு வயது, பள்ளியில் நான்காம் படிவம் படித்துக்கொண்டிருந்தாள். பள்ளி முடிந்து கொமுட்டர் ரயிலில்தான் வருவாள். நான் போய்ச் சேர்ந்தபோது ஒரு பெஞ்சில் உட்கார்ந்து யாரோ வாங்கிக் கொடுத்த மைலோவைக் குடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் நிலையத்தைக் கூட்டிப் பெருக்கும் ஓர் அம்மா, என் மகளின் பள்ளிப் பையின் வாரை இன்னும் விடாமல் கையில் சுற்றிப் பிடித்திருந்தார். ரயில் உள்ளே வந்துகொண்டிருந்ததாம். இவள் முன்பக்கமாகச் சாய்ந்தாளாம். அந்தம்மா கையில் கிடைத்தது அந்த வார் ஒன்றுதான். "மஞ்சக் கோட்டத் தாண்டிட்டா," என்று மட்டும் சொன்னார். இன்றைக்கும் ரயில் நிலையத்தில் நடைமேடை ஓரத்து அந்த மஞ்சள் கோட்டைப் பார்த்தால் இரண்டடி பின்னால் தள்ளி நின்றுகொள்கிறேன்.

கிளினிக்கில் இரத்தம் பார்த்தார்கள். இரும்புச்சத்து மிகவும் குறைவு. அவளுக்கு முன்பே குறைவு இருந்ததால் ஆறு மாதமாக மாத்திரை கொடுத்துக்கொண்டிருந்தோம்.

"மாத்திரை தினமும் சாப்பிடறாங்களா?" என்று கேட்டார் டாக்டர், என்னைவிட இருபது வயது சின்னப் பெண்.

"தினமும். நானே காலையில தட்டுப் பக்கத்துல எடுத்து வைக்கிறேன். பாட்டில் சரியா காலியாகுது."

அந்தப் பெண் காகிதத்தில் இருந்த எண்ணைப் பார்த்தார். தாரிணியைப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் எழுதத் தொடங்கினார். அந்த மௌனம் எனக்கு நன்றாகத் தெரியும். எத்தனையோ கொட்டகைகளில் எத்தனையோ பேர் முன்னால் நான் அதே மாதிரி ஒன்றும் சொல்லாமல் எழுதியிருக்கிறேன்.

காரில் ஏறியதும் மகளைத் திட்டினேன். நன்றாகத் திட்டினேன். மருத்துவர் வீட்டுப் பிள்ளை என்றேன், மானம் போகிறது என்றேன், உயிர் போயிருந்தால் என்றேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். போர்ட் கிள்ளானிலிருந்து வரும் கண்டெய்னர் லோரிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டு நின்றோம். கேட்கக் கேட்க அவள் தோள் மட்டும் இன்னும் அதிகமாக ஜன்னல் பக்கம் போனது. கொஞ்ச நேரத்தில் என்னிடம் திட்டுவதற்கு வார்த்தை தீர்ந்துபோனது. ஸ்டீரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு, "திட்டமாட்டேன்மா. எந்த நாள்ல போடுற, எந்த நாள்ல போடறதில்ல, அத மட்டும் சொல்லு," என்றேன்.

ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னாள். "லீவு நாள்ல போடுவேன். ஸ்கூல் இருந்தா மாட்டேன்."

"ஏன்?"

"வயித்தக் கலக்கும்மா. எங்க ஸ்கூல் டாய்லெட்ட நீங்க பாத்திருக்கீங்களா? கதவுக்குத் தாப்பாளே இல்ல. ஃப்ரெண்டு ஒருத்தி வெளிய நின்னு பிடிச்சிக்கணும். அவ சிரிப்பா."

"அப்ப அந்த மாத்திரையெல்லாம்?"

"மணி பிளான்ட் தொட்டியில."

"அதான் அது மட்டும் அப்படி வளருதா?"

இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். சிரிக்கும்போதே எனக்கு அழுகை வந்தது. வீட்டில் இருந்தால் சாப்பிடுவாள், வெளியே போகும் நாளில் சாப்பிடமாட்டாள். பாட்டில் காலியாகும், ஆனால் பிள்ளைக்குப் போய்ச் சேராது. அப்போதுதான் மேடம் நினைவுக்கு வந்தது. பின்னால் இருந்த லோரிக்காரர் ஹார்ன் அடித்தார். முன்னால் சாலை திறந்து கிடந்தது, நான் வண்டியை எடுக்காமல் உட்கார்ந்திருந்தேன்.

வெள்ளிக்கிழமை நான் விடுப்பு எடுத்திருந்தேன். மகள் பக்கத்திலிருந்து நகர மனமில்லை. காலை ஏழரைக்கு மல்லிகா அக்கா போன் செய்தார். "மிஸ் எந்திரிக்கல டாக்டர்." துறைமுகத்தில் இரவு வேலை முடிந்து வந்த என் கணவர், "நான் இருக்கேன், நீ போயிட்டு வா," என்றார். தாரிணியும், "போங்கம்மா, நான் என்ன ஓடவா போறேன்," என்றாள். போனேன்.

வழி முழுக்க ஒரே கணக்கு. தாய்க்குச் செலினியம் இல்லாவிட்டால் கன்றுக்கும் இருக்காது. நெஞ்சுச் சளியை எதிர்க்க உடம்பில் ஒன்றும் இல்லை. இரத்த முடிவுக்குக் காத்திருந்தால் கன்று போய்விடும். வைட்டமின் ஈயும் செலினியமும் சேர்ந்த ஊசியை இன்றே போட்டுவிட வேண்டும்.

சுப்ரா அண்ணன் வாசலிலேயே நின்றார். இரண்டு நாளுக்கு முன்னால் சண்டை போட்ட மனிதர் மாதிரி இல்லை. "டாக்டர், சத்து ஊசி போடுங்க. என்னென்ன இருக்கோ எல்லாத்தையும் போடுங்க."

கன்று கைலிமேல் பக்கவாட்டில் கிடந்தது. மூச்சு வேகமாக, மேலாக ஓடியது. நான் மருந்தை ஊசியில் ஏற்றிக்கொண்டே மல்லிகா அக்காவிடம் கேட்டேன்.

"அக்கா, மேடம் பூஜைக்குப் போற நாள்ல காலையில என்ன தீனி?"

"அன்னிக்கு வைக்கோல் மட்டும்தான்."

"புண்ணாக்கு?"

"ஐயோ, கூடாது. அதத் தின்னா சாணி நெறைய வரும். வாடை வேற." அந்த நிலைமையிலும் அக்காவுக்குச் சிரிப்பு எட்டிப் பார்த்தது. "ஒருவாட்டி கிள்ளான்ல பெரிய பங்களா. தரையெல்லாம் மார்பிள். நடு ஹால்ல போட்டுருச்சு. ஐயருக்கு ஒரே சந்தோசம், லெட்சுமி வந்துட்டான்னு. வீட்டம்மா கத்துன கத்துல மேடமே பயந்துபோச்சு. அதுலேருந்து இவரு மொத நாளே நிறுத்திருவாரு. போற நாளும் கிடையாது."

"வாரத்துக்கு எத்தன வீடு?"

"நல்ல மாசம்னா மூணு, நாலு."

அவ்வளவுதான். பதின்மூன்று மாடுகள் தினமும் புண்ணாக்கோடு உப்பைத் தின்றன. மேடம் பல வாரங்களில் வாரத்துக்கு ஒரு நாள் தின்றால் அதிகம். புது டைல்ஸ் தரைகளுக்காகச் செம்பும் செலினியமும் துத்தநாகமும் நின்றுபோயின. அதற்குப் பதிலாகச் சர்க்கரைப் பொங்கலும் வாழைப்பழமும் கிடைத்தன.

"கண்ணச் சுத்திச் செம்பட்டையா இருந்துச்சே அக்கா?"

"அது மஞ்சக் கறைன்னு நெனச்சோம். போகவே மாட்டேங்குது. அதனால தேங்கா எண்ணெயில கரியக் கொழைச்சுப் பூசிவிடுவேன். மேடத்துக்கு மேக்கப்."

மஞ்சள் கறை என்று நினைத்தது அவர் மட்டும் இல்லை. நான் அதை அவரிடம் சொல்லவில்லை. இப்போது உங்களிடம் சொல்கிறேன்.

காரணம் கிடைத்துவிட்டது. பிள்ளைகளே, நம் வேலையில் மிக ஆபத்தான நேரம் அதுதான். தெரியாதபோது கை தயங்கும். தெரிந்துவிட்டால் பறக்கும். கன்றின் கழுத்துத் தோலை இடது கையால் பிடித்துத் தூக்கிவிட்டேன். வலது கையில் ஊசி. செலினியம் எப்படிப்பட்டது என்று உங்களுக்கு வகுப்பில் சொல்லியிருப்பார்கள். தேவைக்கும் நஞ்சுக்கும் நடுவே இடைவெளி மிகக் குறைவு. பால் குடிக்கும் கன்றுக்கு இன்னும் குறைவு.

என்னை நிறுத்தியது அந்த அறிவு என்று சொன்னால் பொய். என் மகளின் பாட்டில் நினைவுக்கு வந்தது. நான் கேட்ட கேள்விகள் எல்லாம் மேடத்தைப் பற்றி. இந்தக் கன்றைப் பற்றி ஒன்றுமே கேட்கவில்லை.

"நேத்துலேருந்து மிஸ்ஸுக்கு யாரு என்ன கொடுத்தீங்க?"

"நீங்க கொடுத்த மருந்துதான்," என்றார் அக்கா.

"ஒண்ணும் இல்ல டாக்டர். சீக்கிரம் போடுங்க லா," என்றார் சுப்ரா அண்ணன். சொல்லிவிட்டு முகத்தைச் செம்பனை மரங்கள் பக்கம் திருப்பிக்கொண்டார்.

அந்தத் தோள் திரும்பிய விதத்தை முந்தின நாள்தான் என் காரில் பார்த்திருந்தேன். பழைய நானாக இருந்தால், "உண்மையச் சொல்லுங்க, விளையாடாதீங்க," என்று குரலை உயர்த்தியிருப்பேன். அவர் இன்னும் கொஞ்சம் திரும்பியிருப்பார். நான் ஊசியைப் போட்டிருப்பேன்.

ஊசிக்கு மூடி போட்டேன். ஈரத் தரையில் அவர் பக்கத்தில் குத்துக்கால் வைத்து உட்கார்ந்தேன். கன்று ஒவ்வொரு மூச்சையும் இழுத்துக்கொண்டிருக்கும்போது உட்கார்ந்து பேசுவது எவ்வளவு கடினம் என்று சொல்லித் தெரியாது.

"அண்ணே, நேத்து என் மக கிள்ளான் ஸ்டேஷன்ல விழுந்துட்டா."

அவர் திரும்பினார். "என்ன டாக்டர் சொல்றீங்க? தாரிணியா? எப்படி இருக்கா?"

மாத்திரையைச் சொன்னேன். தாழ்ப்பாள் இல்லாத கதவைச் சொன்னேன். மணி பிளான்ட்டைச் சொன்னேன். அந்த மஞ்சள் கோட்டையும் சொன்னேன். "நான்தான் டாக்டர்கிட்ட தினமும் கொடுக்கறேன்னு சொன்னேன் அண்ணே. பொய் சொல்லணும்னு சொல்லல. எனக்குத் தெரியல."

அவர் எழுந்து கொட்டகைக்குள் போனார். பம்பு மோட்டாருக்குப் பின்னால் கையை விட்டு ஒரு சின்னப் பாட்டிலை எடுத்து வந்து என் உள்ளங்கையில் வைத்தார்.

"சத்து ஊசின்னு ஒருத்தன் போன்ல ஆர்டர் பண்ணிக் கொடுத்தான். விடிஞ்சதும் போட்டேன். உங்களுக்குத் தெரிஞ்சா ஏசுவீங்கன்னு..."

"எவ்வளவு?"

விரலால் அளவு காட்டினார். பெரிய மாட்டுக்குப் போடும் அளவு. பாட்டிலில் இருந்தது, என் ஊசியில் ஏற்றியிருந்த அதே மருந்து.

என் ஊசியும் உள்ளே போயிருந்தால் கன்று மதியத்தைப் பார்த்திருக்காது. ஏற்கெனவே போனதே அதிகம். இதற்கு மாற்று மருந்து இல்லை. நிழல், தண்ணீர், கொஞ்சம் கொஞ்சமாகப் பால், காத்திருப்பது. அவ்வளவுதான் செய்ய முடியும்.

"நான் கொன்னுட்டேனா டாக்டர்?"

மல்லிகா அக்கா அவரைத் திட்டுவார் என்று நினைத்தேன். அக்கா அவர் கையைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்து உட்காரவைத்தார். "அழுவாதீங்க. அதப் புடிங்க. தலையத் தூக்கிப் புடிச்சிக்குங்க."

"தெரியல அண்ணே," என்றேன். "இருந்து பாப்போம்." நல்ல வார்த்தை சொல்லியிருக்கலாம். தெரியாததைத் தெரியாது என்று சொல்வதும் நம் வேலைதான். இருபத்தாறு வருடத்தில் அதைச் சொல்ல நான் பட்ட கூச்சம் கொஞ்சம் இல்லை.

மூன்று பேரும் உட்கார்ந்திருந்தோம். உடம்பெல்லாம் கட்டியோடு எழுந்து நின்றிருந்த மேடம் தடுப்புக்கு மேலாகத் தலையை நீட்டிக் கன்றைப் பார்த்துக்கொண்டே இருந்தது. தாரிணி இரண்டு முறை போன் செய்து, "மிஸ் எப்படிம்மா?" என்று கேட்டாள். பத்து மணிக்கு மூச்சு இன்னும் மோசமானது. பன்னிரண்டுக்கு அப்படியே இருந்தது. இரண்டு மணிக்கு மல்லிகா அக்கா விரலைப் பாலில் நனைத்து வாயில் வைத்தார். ஒன்றும் இல்லை. மறுபடி வைத்தார். நாலு மணி வாக்கில் மிஸ் அந்த விரலைச் சப்பியது. பிறகு எழப் பார்த்து விழுந்தது. மறுபடி எழுந்து, நான்கு காலையும் அகட்டி வைத்துக்கொண்டு, அக்கா உடுத்தியிருந்த கைலியின் நுனியைக் கவ்வி இழுத்தது.

"ஏய், அவுத்துராத," என்றார் அக்கா. சுப்ரா அண்ணன் சிரித்துக்கொண்டே முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அடுத்த வாரம் இரத்த முடிவு வந்தது. மேடத்துக்குச் செம்பும் செலினியமும் மிகக் குறைவு. மேடம் இவ்வளவு மோசமாகப் படுத்ததற்கு அது ஒன்றே காரணம் என்று சத்தியம் செய்யமாட்டேன். அலைச்சலும் ஈயும் தங்கள் பங்கைச் செய்திருக்கும். ஆனால் மற்றப் பதின்மூன்றும் நின்றதற்கு எனக்கு வேறு விளக்கம் கிடைக்கவில்லை. அவசரமாக எதையும் அள்ளிக் கொட்டவில்லை. செம்பனைக் கொட்டைப் புண்ணாக்கிலேயே செம்பு ஓரளவு இருக்கிறது, அதையும் கணக்கில் சேர்த்துத் தினமும் வாய்வழியாக, அளவாகக் கொடுத்தோம். மேடத்துக்குத் தனி வாளி. உடம்பு தேறப் பல வாரம் ஆனது. படிவத்தில் 'தாது உப்பு தரப்படுகிறதா' என்ற கேள்விக்குக் கீழே, என் கைப்பட இன்னொரு வரி சேர்த்துக்கொண்டேன்: 'எந்த மாடு, எந்த நாளில் தின்பதில்லை?' நீங்கள் இப்போது நிரப்பும் படிவத்தில் அந்த வரி அச்சாகவே இருக்கிறது. யாராவது அதை அவசரத்தில் தாண்டிப் போனால் எனக்குத் தெரியாமலே போகும். தாண்டாதீர்கள்.

கேட்கும்போது உட்கார்ந்து கேளுங்கள். மாட்டுக்காரர் உங்களிடம் மறைத்தால், உங்கள் குரல் அவரிடம் எப்படிப் போய்ச் சேர்ந்தது என்று யோசியுங்கள். நானும் இதை வேலையில் கற்றுக்கொள்ளவில்லை, போக்குவரத்து நெரிசலில் கற்றுக்கொண்டேன்.

போன வருடம், ஐம்பத்திரண்டு வயதில், விருப்ப ஓய்வு கேட்டேன். மகள் பள்ளி முடிக்கும்வரை மதியங்களில் ஸ்டேஷனுக்குப் போய் நிற்க வேண்டும் என்பதுதான் காரணம். அலுவலகத்தில் 'குடும்ப நிமித்தம்' என்று எழுதினேன். அவள், "அம்மா, எல்லாரும் பாக்குறாங்க, தள்ளி நில்லுங்க," என்பாள். தள்ளித்தான் நிற்கிறேன். மாத்திரையை இப்போது பள்ளி முடிந்து வந்து மாலையில் போடுகிறாள்.

அதே வருடம் கிள்ளானில் ஒரு சின்னத் தரை வீடு வாங்கினோம். மேடத்தின் உடம்பெல்லாம் தழும்பு. தழும்பு உள்ள மாடு சகுனத்துக்கு ஆகாது என்று யாரும் அதைக் கூப்பிடுவதில்லை என்றார் சுப்ரா அண்ணன். நான் மேடத்தைத்தான் கேட்டேன். ஒரு சனிக்கிழமை காலை லோரி வந்தது. மேடமும், அதன் தோள் உயரத்துக்கு வளர்ந்துவிட்ட மிஸ்ஸும் இறங்கின. மல்லிகா அக்கா கையில் ஒரு வாளியும் முறமும் இருந்தன.

"காலையில தீனி போட்டீங்களா அண்ணே?"

"முழுசா. உப்பும் போட்டாச்சு. நீங்க கேப்பீங்கன்னு தெரியும் லா டாக்டர்."

மேடம் நிதானமாகப் படியேறியது. வாசலில் கொஞ்சம் நின்று, நடு ஹாலுக்கு வந்து, புது டைல்ஸின் மேல் வாலைத் தூக்கியது. ஐயர் கையெடுத்துக் கும்பிட்டார். என் கணவர் பழைய பேப்பரைத் தேடி ஓடினார். தாரிணி குனிந்து, இத்தனை வருடம் நான் கொட்டகைகளில் பார்ப்பது போலவே முகத்தை வைத்துக்கொண்டு பார்த்தாள்.

"நல்லாத்தான் சாப்பிட்டிருக்கும்மா," என்றாள். அக்காவிடமிருந்து முறத்தை வாங்கிக்கொண்டே, "நானும் நேத்து மாத்திரை போட்டுட்டேன்," என்றாள்.

நான் கேட்கவே இல்லை.